காபி மேக்கரைக் காதால் ரசிப்பது எப்படி?

காபியை ரசிப்பது பற்றி எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. கொட்டை எந்த மலையில் விளைந்தது, எவ்வளவு வறுத்தார்கள், சிக்கரி எத்தனை சதவீதம் என்று பேசிக்கொண்டே போகலாம். காபி போடும் மெஷினை ரசிக்கலாம் என்றால் மட்டும் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அதுவும் பளபளக்கும் எஸ்பிரெஸ்ஸோ மெஷின் இல்லை. கடையில் அடித்தட்டில் அடுக்கியிருக்கும் சாதாரண டிரிப் காபி மேக்கர். ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி, மேலே தூள் போடும் கூடை, கீழே கண்ணாடி ஜாடி, ஒற்றை சுவிட்ச். இதில் ரசிக்க என்ன இருக்கிறது? தொட்டியின் அடியில் கிடக்கும் தண்ணீர் ஒரு சாணுக்கு மேல் ஏறி வந்து தூளின்மேல் விழுகிறதே, அதை ஏற்றிவிட உள்ளே மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை. தண்ணீர் கொதிக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கொதிதான் தண்ணீரை ஏற்றுகிறது, அளந்து ஊற்றுகிறது, வேலை முடிந்துவிட்டதென்று மெஷினுக்குத் தகவலும் சொல்கிறது. இந்த மெஷின் போடும் காபியின் நல்ல குணம், கெட்ட குணம் எல்லாமே இந்த ஒரு காரணத்திலிருந்துதான் பிறக்கின்றன என்பது என் கட்சி. அதைப் பிடித்துக்கொள்ள நாக்குக்கு முன்னால் காது வேண்டும்.

ஓடாமல் போன பழைய மெஷின் ஒன்று கிடைத்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடிப்பக்கத்து ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெரும்பாலும் காலியிடம்தான். நடுவில் குதிரை லாட வடிவில் வளைந்த ஓர் அலுமினியத் துண்டு. உற்றுப் பார்த்தால் அது ஒட்டிப் பிறந்த இரண்டு குழாய்கள்: ஒன்றுக்குள் சூடேறும் கம்பி, இன்னொன்றில் தண்ணீர். தண்ணீர்க் குழாயின் ஒரு முனையிலிருந்து கிளம்பும் ரப்பர் குழாய் தொட்டியின் அடிக்குப் போகிறது. மறுமுனையிலிருந்து கிளம்புவது மெஷினின் முதுகு வழியாக மேலேறிக் கூடைக்கு மேலே முடிகிறது. தொட்டிப் பக்கத்து வழியில் ஒரு குட்டி வால்வு இருக்கும். அதற்குள் ஒரு சின்ன உருண்டையோ சிலிக்கான் மடிப்போ கிடக்கும். தண்ணீரை உள்ளே விடும், திரும்பிப் போக விடாது. காபி தயாராகும்போது தண்ணீரின் பாதையில் அசைகிற பாகம் கிட்டத்தட்ட இது ஒன்றுதான். லாடத்தை ஒட்டிக் காசு அளவில் ஒரு தெர்மோஸ்டாட். அது கெட்டுப்போனால் வீடு பற்றிக்கொள்ளாமல் இருக்க ஃபியூஸ். லாடத்தின் மேல்பக்கம் ஜாடி உட்காரும் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆக, ஒரே கம்பி தண்ணீரையும் காய்ச்சுகிறது, இறங்கிய காபியையும் சூடாக வைத்திருக்கிறது. இதைவிடக் கஞ்சத்தனமாக ஒரு மெஷினை வடிவமைக்க முடியுமா என்று தெரியவில்லை. கஞ்சத்தனம் என்பதை இங்கே பாராட்டாகத்தான் சொல்கிறேன்.

இனி ஓடுகிற மெஷினுக்கு வருவோம். சுவிட்சைப் போட்டதும் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பிறகு மெல்லிய இரைச்சல். லாடத்தின் சூடான சுவரில் பிறக்கும் நீராவிக் குமிழிகள் பக்கத்திலிருக்கும் குளிர்ந்த தண்ணீர் பட்டு உடனே நசுங்கிப் போகின்றன. அந்த நசுங்கலின் சத்தம் அது. குழாயிலுள்ள தண்ணீர் முழுக்கச் சூடானதும் குமிழிகள் நசுங்காமல் நிலைக்கும். ஒரு மில்லி தண்ணீர் நீராவியானால் அது அடைத்துக்கொள்ளும் இடம் ஆயிரத்து அறுநூறு மில்லிக்கும் மேல். இடத்துக்கு எங்கே போவது? தொட்டிப் பக்கம் போகலாம் என்றால் வால்வு மூடிக்கொள்கிறது. மேலே போகும் குழாய் மட்டுமே திறந்திருக்கிறது. மூடி திறந்த சோடா பாட்டிலில் நுரை வாய்க்கு ஏறி வருவதுபோல, குமிழிகள் தங்களுக்கு மேலேயிருக்கும் வெந்நீரைத் தூக்கிக்கொண்டு ஏறிக் கூடைக்குள் துப்புகின்றன. அழுத்தம் தணிந்ததும் வால்வு திறந்து அடுத்த வாய்த் தண்ணீர் உள்ளே வருகிறது. மறுபடி கொதி, மறுபடி துப்பல். ‘குபுக்… குபுக்…’ என்ற அந்தச் சத்தத்தை எண்ணிப் பாருங்கள், அநேகமாகத் தாளம் தவறாது. தொட்டி காலியாகக் காலியாகத் தண்ணீரைத் தூக்க வேண்டிய உயரம் கூடுவதால் நீராவியும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. தாளம் கலைகிறது, கடைசியில் தண்ணீர் குறைந்து ஆவி மிகுந்து பெருமூச்சு விடுகிறது. தண்ணீர் தீர்ந்ததும் லாடத்தின் சூட்டை வாங்கிக்கொள்ள ஆளில்லை. தண்ணீர் இருந்தவரை கொதிநிலையை ஒட்டியே நின்ற சூடு சட்டென்று எகிற, தெர்மோஸ்டாட் ‘கிளிக்’ என்று மின்சாரத்தைத் துண்டிக்கிறது. தொட்டி காலியா என்று பார்க்கத் தனியாக ஒரு கருவி வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தண்ணீர் இல்லாமையே செய்தி.

இங்கே பலருக்கு ஒரு தப்பான எண்ணம் உண்டு: தண்ணீர் முழுவதும் ஆவியாகி மேலே போய், குளிர்ந்து, சொட்டாக விழுகிறது என்று. கொஞ்சம் கணக்குப் போட்டாலே அது நிற்காது. ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 293 கிலோஜூல் போதும். 900 வாட் மெஷின் அதை ஐந்தரை நிமிடத்தில் கொடுத்துவிடும். அதே ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க வேண்டுமானால் கூடுதலாக 2,257 கிலோஜூல் வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கும். மெஷின் ஐந்தாறு நிமிடத்தில் வேலையை முடிக்கிறது என்பதே, ஆவியாவது மிகச் சிறு பங்குதான் என்பதற்குச் சாட்சி. ஆவி தூக்குகிற கூலி மட்டுமே. தூளைச் சந்திக்கப் போவது வெந்நீர். இன்னொரு கணக்கும் உண்டு, எனக்கு மிகப் பிடித்தது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கால் மீட்டர் உயரம் தூக்கும் வேலைக்கு உள்ளபடியே தேவைப்படுவது இரண்டரை ஜூல்தான். சூடாக்கச் செலவானதில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. காபிக்கு எப்படியும் தண்ணீரைச் சூடாக்கியே ஆக வேண்டும். அந்தச் செலவின் சில்லறையிலேயே ஏற்றுகூலியும் அடங்கிவிடுகிறது. தண்ணீர் கொதிநிலையை நெருங்கினால்தான் குழாயில் ஆவி நிலைக்கும், ஆவி நிலைத்தால்தான் தண்ணீர் ஏறும். பச்சைத் தண்ணீரை மேலே அனுப்ப இந்த மெஷினால் நினைத்தாலும் முடியாது. நல்ல காபிக்கு 92 முதல் 96 டிகிரி வரை என்று வல்லுநர்கள் சொல்லும் அளவும் இதே சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறது.

இந்தக் குமிழிப் பம்பு புதிய சரக்கும் அல்ல. அமெரிக்க வீடுகளில் ஒரு காலத்தில் கோலோச்சிய பெர்கோலேட்டரும் கொதியால்தான் தண்ணீரை ஏற்றியது. ஆனால் அதில் இறங்கிய காபியே மறுபடி கொதித்து, மறுபடி ஏறி, மறுபடி அதே தூளில் விழும். கசக்காமல் என்ன செய்யும்? 1908-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, ஆணியால் துளையிட்ட பித்தளைப் பாத்திரத்தில் மை உறிஞ்சும் தாளைப் போட்டுக் காபி வடித்துக் காட்டினார். வெந்நீர் தூளை ஒரே முறை கடந்து போகிற வழி அது. 1954-இல் இன்னொரு ஜெர்மானியர், காட்லோப் விட்மன், தன் பெயரையொட்டி ‘விகோமாட்’ என்று பெயரிட்ட மின்சார டிரிப் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1972-இல் அமெரிக்காவில் ‘மிஸ்டர் காபி’ வந்து பெர்கோலேட்டரை ஓரங்கட்டியது. ஆக, தண்ணீரைத் தூக்கும் வித்தை பழையது. தூக்கிய தண்ணீருக்குத் திரும்பி வரும் வழியை அடைத்ததுதான் முன்னேற்றம். அந்தக் குட்டி வால்வையும், தொட்டியும் ஜாடியும் தனித்தனியாக இருப்பதையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

“எல்லாம் சரி, குடிக்கிறவனுக்கு எதற்கு இந்த லாடமும் வால்வும்? நாக்கில் பட்டால் போதாதா?” என்று கேட்கலாம். நாக்கு தீர்ப்பு சொல்லும், காரணம் சொல்லாது. பத்து கப் மெஷினில் இரண்டு கப் போட்டால் காபி ஏன் சப்பென்று இருக்கிறது? தண்ணீர் ஏறும் வேகத்தை முடிவு செய்வது வாட்; நீங்கள் ஊற்றிய அளவு அல்ல. ஒரு லிட்டருக்கு ஐந்தரை நிமிடம் என்றால் கால் லிட்டருக்கு ஒன்றேகால் நிமிடம் சொச்சம். தூளும் தண்ணீரும் சேர்ந்திருக்கும் நேரம் அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. போதாததற்கு, முதலில் வரும் தண்ணீர் குளிர்ந்த குழாயையும் கூடையையும் சூடாக்குவதிலேயே தன் சூட்டை இழக்கிறது; ஜாடி நிறையப் போடும்போது அது மொத்தத்தில் கரைந்துவிடும், இரண்டு கப்பில் கரையாது. 1950-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த வேதியியலாளர் எர்னஸ்ட் லாக்ஹார்ட் காபித்தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் கரைந்து இறங்கினால் சுவை சீராக இருக்கும் என்று கண்டார். குறைந்தால் புளிப்பும் வெறுமையும், மிஞ்சினால் கசப்பு. சின்ன அளவில் நாம் விழுவது முதல் பள்ளத்தில். சில மெஷின்களில் ‘1–4 கப்’ என்று ஒரு பொத்தான் இருப்பது இந்தக் குறைக்கு வைத்தியம்தான். சூட்டை விட்டு விட்டுக் கொடுத்து நேரத்தை நீட்டுகிறது.

நம் ஊரில் எழும் பெரிய ஆட்சேபம் வேறு: “பித்தளை ஃபில்டருக்கு வயரும் வேண்டாம், வால்வும் வேண்டாம். இதைவிட எளிய இயந்திரம் உண்டா?” நியாயம்தான். பாலில் கலக்கிற டிக்காஷன்தான் வேண்டும் என்றால் ஃபில்டரின் பக்கம்தான் நானும் நிற்பேன். அதில் வெந்நீரை ஒரே தடவையில் ஊற்றி மூடிவிடுகிறோம்; அழுத்தி வைத்த பொடித் தூள் வழியாக அது தன் போக்கில் இறங்குகிறது. காபி மேக்கரோ தவணை முறையில் ஊற்றுகிறது. ஒவ்வொரு குபுக்குக்கும் புதிய வெந்நீர் வந்து, முந்தைய தவணை கரைத்ததை அலசி இறக்குகிறது. லிட்டருக்கு 55 கிராம் அளவில், கொஞ்சம் கரகரப்பாக அரைத்த, சிக்கரி கலக்காத தூளுக்கும், பாலில்லாமல் குடிக்கும் காபிக்கும் பிறந்த முறை இது. ஃபில்டருக்கு அரைத்த நுண்ணிய சிக்கரித் தூளை இதில் கொட்டினால், தண்ணீர் வருகிற வேகத்துக்கு இறங்க வழியில்லாமல் கூடை வழிந்தாலும் வழியும். மாமியார் வீட்டு டிக்காஷனை இதில் எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் மெஷினைத் திட்டிப் பயனில்லை.

ஆனால் ஒரு குற்றத்தை நானும் மறைக்கப் போவதில்லை. அந்தச் சூட்டுத் தட்டு. தண்ணீர் தீர்ந்த பின்னும் அதே கம்பி விட்டு விட்டு எரிந்து ஜாடியைக் காய்ச்சிக்கொண்டே இருக்கிறது. இறங்கிய காபியைச் சூட்டிலேயே வைத்திருந்தால் மணம் பறந்துபோய்ப் புளிப்பும் கசப்பும்தான் மிஞ்சும். ஒரே கம்பிக்கு இரண்டு வேலை என்ற சிக்கனத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது. பெருமூச்சு அடங்கியதும் சுவிட்சை அணைத்து, காபியை ஃபிளாஸ்க்கில் ஊற்றிவிட்டால் தீர்ந்தது.

காதைத் தீட்டி வைத்தால் மெஷினின் உடம்பு நோவும் தெரியும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடுபட்டதும் குழாயின் உள்சுவரில் வெள்ளையாகப் படிகிறது. படிவு சூட்டைத் தண்ணீருக்குப் போக விடாது. உலோகம் தேவைக்கு மேல் சூடாகி, பாதி வேலையிலேயே தெர்மோஸ்டாட் துண்டித்துவிடும். குபுக் சத்தத்துக்கு நடுவே நீண்ட மௌனமும், வழக்கத்தைவிட அதிக ஆவியும் வந்தால் அதுதான் காரணம். தூள் போடாமல், ஒரு பங்கு வெள்ளை வினிகரை இரண்டு பங்கு தண்ணீரில் கலந்து ஓட்டி, பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீர் ஓட்டினால் பழைய தாளம் திரும்பும். மலையேறினால் தாளம் வேறு காரணத்தால் மாறும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்தால் ஏறிவிடுவதுதான் இதன் குணம் என்பதால், சென்னையில் வரும் சூட்டைவிடச் சில டிகிரி குறைவாகத்தான் அங்கே தண்ணீர் தூளைச் சேரும். தூளைச் சற்று நைசாக அரைத்து ஈடுகட்டலாம்.

டிகிரி மாறாமல் காக்கும் எலெக்ட்ரானிக் மெஷின்கள் வந்துவிட்ட காலத்தில் இதைப் போற்றுவது பழமை விரும்பிகளின் வேலை என்பார்கள். ஆனால் நெதர்லாந்தின் மொக்காமாஸ்டர் என்ற காபி மேக்கரைப் பாருங்கள். அது 1960-களின் இறுதியிலிருந்து விற்பனையில் இருக்கிறது. விலை நம் கடை மெஷினைப் போலப் பல மடங்கு. அதற்குள்ளும் இருப்பது கொதியால் ஏற்றும் இதே ஏற்பாடுதான். செம்பில் செய்த, கூடுதல் வாட் கொண்ட சூட்டுக் குழாய், தட்டுக்குத் தனிக் கம்பி என்று பழைய குறைகளை அடைத்திருக்கிறார்கள். தண்ணீர் குபுக்கென்று ஏறுவதைப் பார்க்கக் கண்ணாடிக் குழாய்கூட வைத்திருக்கிறார்கள். காசு கொட்டிச் செய்கிறவர்களும் பம்பை மாற்றவில்லை.

வாங்கப் போகிறவர்கள் ‘எத்தனை கப்’ என்ற எண்ணோடு வாட் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு லிட்டர் தொட்டிக்கு 900 வாட்டாவது இருக்கட்டும். 600 வாட் என்றால் அதே தண்ணீருக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் தூள் கசப்பையும் சேர்த்து இறக்கிவிடும். கண்ணாடி ஜாடியும் ஃபிளாஸ்க் ஜாடியும் ஒரே விலை வரம்பில் கிடைத்தால் ஃபிளாஸ்க்கையே எடுங்கள். டிஜிட்டல் கடிகாரத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.