எண்ணிக்கை ஏறினால் போதுமா?

"பழைய மருந்து, எச்ஐவிக்குப் புது நம்பிக்கை" மாதிரி தலைப்பைப் பார்த்தாலே எனக்கு இன்டர்லூகின்-2 கதைதான் ஞாபகம் வரும்.

சிறுநீரகப் புற்றுநோய்க்கு 1992-லேயே அமெரிக்காவில் அனுமதி வாங்கிய மருந்து. டி செல்களைப் பெருக வைக்கும். எச்ஐவி அழிப்பது சிடி4 டி செல்களைத்தானே, இதைக் கொடுத்துப் பார்த்தால் என்ன? லாஜிக் சரியாத்தான் இருந்தது. எஸ்பிரிட், சில்காட் என்று இரண்டு பெரிய சோதனைகள். 5,800 பேருக்கு மேல், சுமார் ஏழு வருஷம். எல்லோருக்கும் வழக்கமான ஏஆர்டி மாத்திரை. ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கூடவே இந்த ஊசியும்.

2009-ல் முடிவு வந்தது. எஸ்பிரிட்டில் ஊசி போட்டவர்களுக்கு சிடி4 சராசரியாக 159 அதிகம். ஆனால் சந்தர்ப்பவாத நோய்களும் மரணமும் குறையவே இல்லை. கடுமையான பக்கவிளைவுதான் கூடியது.

எங்க தொழிலில் இது பழகிய விஷயம். டெஸ்ட் கவரேஜ் 95 சதவீதம் காட்டும், புரொடக்‌ஷனில் சிஸ்டம் படுத்துக்கொள்ளும். அதுக்காக சிடி4 பரிசோதனை வீண் என்று சொல்லவில்லை. ஏஆர்டி வைரஸை அடக்குவதால் ஏறும் எண்ணிக்கைக்கு அர்த்தம் இருக்கு. வைரஸ் ஏற்கெனவே அடங்கியிருக்க, ஊசியால் மேலே தள்ளிவிட்ட எண்ணிக்கை அதே வேலையைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறு, 2023-ல் வந்த ரிப்ரீவ் சோதனை. பிடவாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரையை வைத்து, எச்ஐவி உள்ள 7,769 பேரிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றையே நேரடியாக எண்ணினார்கள். 35 சதவீதம் குறைந்தது.

அடுத்த முறை இப்படித் தலைப்பு வந்தால் ஒண்ணு மட்டும் பாருங்க: ஏறியது எண்ணா, குறைந்தது நோயா?