முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

ஷா ஆலத்தின் தொழிற்பேட்டைகளிலும், அங்கிருந்து கிள்ளானை நோக்கிச் செல்லும் சாலைகளின் ஓரங்களிலும் உள்ள பட்டறைகளில், பழைய புரோட்டான் சத்ரியா ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி வந்து, ஓராண்டுக்குள் அதைச் சிப்பாங் தடத்தில் பந்தயம் ஓட்டிவிட வேண்டும் என்ற உத்தேசத்தோடு நிற்கும் இளைஞர்களிடம், முதல் செலவு எதற்கு என்று விசாரித்தால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: எஞ்சின். அந்த விடையின்மேல் எனக்குள்ள ஆட்சேபத்தை இந்த வாரம் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

அவர்கள் அவ்வாறு நினைப்பதற்கு நியாயமான காரணம் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1990-களின் நடுவில் வெளிவந்த சத்ரியா, மிட்சுபிஷியின் அஸ்திவாரத்தில் எழுந்த வண்டி. ஆகவே ஜப்பானில் ஓடி ஓய்ந்து, முன்பாதியாக வெட்டப்பட்டு, ‘ஹாஃப் கட்’ என்ற பெயரில் நம் கடைகளுக்கு வந்து சேரும் மிட்சுபிஷி எஞ்சின்கள் அதற்கு அதிகச் சிரமமின்றிப் பொருந்துகின்றன. 1.3 லிட்டர் சத்ரியா ஏறக்குறைய 75 குதிரைத்திறன் தருவது. அதே கூட்டிலிருந்து பிறந்து, லோட்டஸ் நிறுவனத்தாரின் கைபட்டு வந்த சத்ரியா ஜிடிஐ, 1,834 சிசி எஞ்சினோடு 138 குதிரைத்திறன் தந்தது. ஜப்பானிய 4ஜி92 மைவெக் எஞ்சினோ, 1,597 சிசி மட்டுமே கொண்டு, நிமிடத்துக்கு 7,500 சுழற்சியில் 175 குதிரைத்திறன் தருவது. ஒரே வண்டியின் சக்தியை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்திவிடக் கூடிய வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளை வேறெதைப் பற்றிச் சிந்திப்பான்?

ஆனால் பந்தயம் நடக்கும் இடம் கடைத்தெரு அன்று. 1999-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிப்பாங் சர்வதேசப் பந்தயத் தடம் 5.543 கிலோமீட்டர் நீளமும் 15 வளைவுகளும் உடையது. அதை வகுத்த ஜெர்மானியச் சிற்பி ஹெர்மன் டில்கே, இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளை ஒரு கூரிய வளைவால் இணைத்து, அந்த இரண்டின் முடிவிலும் ஓட்டுநர் தம் வேகம் முழுவதையும் சில நொடிகளுக்குள் கைவிட வேண்டும்படி அமைத்திருக்கிறார். கடைசி வளைவில் பிரேக்கை மிதித்துத் திரும்பி, பார்வையாளர் மேடைக்கு முன்னால் முழு வேகம் எடுத்து, பிரேக் ஆறுவதற்குள் முதல் வளைவில் மீண்டும் மிதிக்க வேண்டும். அதன்பின் நான்காவது, ஒன்பதாவது, பதினான்காவது வளைவுகளும் அதே வரியை வசூலிக்கின்றன. பிற்பகலில் தடத்தின் மேற்பரப்பு 50 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடேறுவது அங்கே சர்வ சாதாரணம்.

அந்த வரி எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓட்டுநரோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அதனிடம் உள்ள இயக்க சக்தி பன்னிரண்டரை லட்சம் ஜூல். வேகத்தை 60 கிலோமீட்டராகக் குறைத்தால், சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது ஆகையால், ஒன்பதில் எட்டுப் பங்கு உஷ்ணமாக மாறிவிடும். அந்த உஷ்ணத்தில் சுமார் 70 சதவீதத்தை முன்சக்கரப் பிரேக்குகளே தாங்குகின்றன. ஒவ்வொரு முன் தட்டும் ஐந்து கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு என்று கொண்டால், ஒரேயொரு முறை மிதிப்பதனால் அவற்றின் சூடு ஏறக்குறைய 170 பாகை உயரும். காற்று அதில் ஒரு பகுதியைக் கொண்டு போவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. இதே காருக்கு மைவெக் எஞ்சினைப் பூட்டி, நேர்ப்பாதையின் முடிவில் 200 கிலோமீட்டர் வேகம் வரச் செய்தால், வேகம் கூடியது ஒன்பதில் ஒரு பங்குதான். ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய உஷ்ணம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கூடிவிடுகிறது.

அந்தச் சூடு தட்டோடு நிற்பதில்லை. பிரேக் கட்டை வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டன் வழியாகப் பிரேக் எண்ணெய்க்கும் பரவுகிறது. டாட் 3 தரத்துப் புது எண்ணெய் குறைந்தபட்சம் 205 பாகை வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது விதி. அதே எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 தரத்தில் இவை முறையே 230-ம் 155-ம் ஆகும். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் நம் தேசத்தில், சென்ற தீபாவளிக்கு ஊற்றிய எண்ணெயோடு பந்தயத்துக்குப் போகிறவன் எந்த எல்லையை நம்பிப் போகிறான் என்பதை அவனே யோசித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கும் தன்மை உடையதாகையால், மிதி தரைவரை இறங்கும், வண்டியோ நிற்காது. ஓட்டுநர் பந்தயத்தை இழந்தாலும் இழக்கலாம், உயிரையே இழக்க நேர்ந்தாலும் நேரலாம்.

இனி, பந்தயத்தை வெல்வது எது என்ற கேள்விக்கு வருவோம். உள்நாட்டுக் கார்களின் பெரும் பரீட்சையாக 2009 முதல் நடந்து வந்த சிப்பாங் 1000 கிலோமீட்டர் பந்தயம் 181 சுற்றுகள் கொண்டது. புது எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு நொடி மிச்சப்படுத்துகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பந்தயம் முழுவதும் மிச்சமாகும் நேரம் 362 நொடி, அதாவது ஆறு நிமிடமும் இரண்டு நொடியும். கொதித்துப்போன பிரேக்கைச் சீராக்க ஒருமுறை பிட்டுக்குள் நுழைந்து, தட்டு ஆறும்வரை காத்திருந்து, கட்டையை மாற்றி, எண்ணெயை வெளியேற்றிப் புதிதாக நிரப்பி வெளியே வருவதற்கு, தேர்ந்த போர்மன் இருந்தாலும் பத்து நிமிடத்துக்குக் குறையாது. இவ்வாறு, ஒரு முழுப் பருவத்துச் சேமிப்பைச் செலவிட்டு வாங்கிய லாபம் அனைத்தும், சில நூறு ரிங்கிட் பொருளை அலட்சியம் செய்ததனால் ஒரே நிறுத்தத்தில் கரைந்து, மேலும் நான்கு நிமிடம் கடனாகவும் நின்றுவிடுகிறது.

எஞ்சினுக்குள்ளேயும் இதே நியாயம்தான். வீதியில் ஓடும் காரின் எஞ்சின் எண்ணெய், அடித்தொட்டியில் தளும்பிக்கொண்டு கிடப்பது. சிப்பாங்கின் மூன்றாம் வளைவைப் போன்ற நீண்ட வளைவில் வண்டி பல நொடிகள் ஒரே பக்கம் சாய்ந்திருக்க, எண்ணெய் முழுவதும் தொட்டியின் ஒரு சுவரை ஏறி நிற்கிறது. உறிஞ்சுகுழாய் காற்றைக் குடிக்கிறது. ஏழாயிரம் சுழற்சியில் இயங்கும் பேரிங்குகள் உயவு இல்லாமல் அந்த நொடியிலேயே தேய்ந்து போகின்றன. தொட்டிக்குள் சில தகட்டுத் தடுப்புகளைப் பற்றவைத்தால் இந்த ஆபத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும். ஒரு நாள் வேலை அது. பளபளப்பான வால்வு மூடியைப் புகைப்படம் எடுத்து மகிழ்கிறவர்கள், கண்ணுக்குத் தெரியாத அந்தத் தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

டயர், ஸ்பிரிங், சக்கரச் சாய்வு ஆகியவை பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நல்ல டயர் வாங்கிய பிறகே ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதோடு அதை நிறுத்திக்கொள்கிறேன்.

ஓட்டுநரைப் பற்றி மட்டும் அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியாது. 75 குதிரைத்திறனோடு ஒரு தடத்தைச் சுற்றுகிறவன், நேர்ப்பாதையில் சம்பாதிப்பதற்கு அவனிடம் ஒன்றுமில்லை ஆகையால், வளைவில் தன் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கற்றே தீர வேண்டும். எங்கே மிதிக்க வேண்டும், எங்கே காலை எடுக்க வேண்டும், வண்டியின் முன்புறம் எப்போது பிடி இழக்கிறது என்ற ஞானமெல்லாம் குறைந்த சக்தியுள்ள காரில்தான் தெளிவாக வாய்க்கிறது. அதிக சக்தியோ பிழையை மறைத்துவிடும். வளைவில் இழந்ததை நேர்ப்பாதையில் மீட்டுக்கொடுத்து, இழந்தோம் என்ற உணர்வே எழாதபடி செய்துவிடும். ஆகவே ஆண்டின் முதற்பாதியைப் பழைய எஞ்சினோடும் புதிய பிரேக்கோடும் கழிக்கிறவன் காலத்தை வீணாக்குகிறான் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் டயரின் காற்றழுத்தம், நீரின் சூடு, பிரேக் கட்டையின் கனம், சுற்று நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறவனுக்கு, ஆண்டு இறுதியில் எந்த எஞ்சின் வேண்டும், அது வேண்டுமா என்பது கூட அந்த ஏட்டிலிருந்தே தெரிந்துவிடும்.

நம் நாட்டின் மிகப் பெரிய சாதனையே இதற்குச் சாட்சியாக நிற்கிறது. ஈப்போவைச் சேர்ந்த கரம்ஜித் சிங், துணை ஓட்டுநர் ஆலன் ஓவுடன், புரோட்டான் பெர்ட் காரில் 2002-ஆம் ஆண்டு உலக ராலிப் போட்டியின் உற்பத்திக் கார்ப் பிரிவில் பட்டம் வென்றார். அந்தப் பிரிவில் போட்டியிட்ட டர்போ எஞ்சின்கள் அனைத்தும் 32 மில்லிமீட்டர் துவாரத்தின் வழியாக மட்டுமே காற்றை இழுக்கலாம் என்பது நிபந்தனை. அவ்வளவு சிறிய வாயில் வழியே எல்லோரும் சமமாகச் சுவாசிக்க வேண்டியிருக்கையில், சக்தியால் ஒருவர் மற்றவரை மிஞ்சுவதற்கு இடம் மிகக் குறைவு. வண்டியை உடைக்காமல், பனியிலும் சேற்றிலும் சரளையிலும் ஒரே நிதானத்தோடு ஆண்டு முழுவதும் கொண்டு செலுத்தியவருக்கே புள்ளிகள் சேர்ந்தன.

தமிழகத்திலும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவர்தன், சாமானியக் குடும்பங்கள் காய்கறி வாங்கப் போகும் மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை நிர்மாணித்தார். 1980-களின் இறுதியில் ஃபார்முலா மாருதி என்று களமிறங்கிய அந்த எளிய வண்டிகள் ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில் ஒரு தலைமுறையையே பயிற்றுவித்தன. அவற்றில் ஓட்டத் தொடங்கியவர்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005-ஆம் ஆண்டு அதே நரேன் ஜோர்டான் காரில் சிப்பாங்குக்கு வந்து, மலேசிய கிராண்ட் பிரிக்ஸில் பதினோராவதாக ஓடி முடித்தபோது, அன்றைய உக்கிரமான வெயிலில் அந்தத் தடத்தைச் சுற்றிய காலும் கையும் 800 சிசி வண்டியில் பழகியவை என்பதை நம் பத்திரிகைகள் இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

ஷா ஆலம் இளைஞனுக்கு அத்தகைய பழகுமிடம் ஒரு காலத்தில் வீட்டு வாசலிலேயே இருந்தது. 1968-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பத்து தீகா தடம், 1977-இல் ஒரு கார் பார்வையாளர்மீது பாய்ந்து உயிர்ப்பலி வாங்கிய துயரத்துக்குப் பின் மௌனமாகி, பிறகு புதுப்பிக்கப்பட்டு ஷா ஆலம் பந்தயத் தடமாக மீண்டும் எழுந்தது. 1985 டிசம்பரில் உலக ஸ்போர்ட்ஸ் கார்ப் போட்டியின் சிலாங்கூர் 800 கிலோமீட்டர் பந்தயம் அங்கே நடந்து, ஜாக்கி இக்ஸும் யோகன் மாஸும் போர்ஷே 962 காரில் வென்றார்கள். 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரிக்ஸும் அதே மண்ணில்தான் நடைபெற்றது. புரோட்டான் தொழிற்சாலையும் அதே ஊரில் இருந்ததால், காரைச் செய்கிறவர், பழுது பார்க்கிறவர், ஓட்டுகிறவர் மூவரும் ஒரே பேட்டையில் வசித்த அபூர்வமான காலம் அது. சென்டூல் ரயில் பட்டறையிலும் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளிலும் இரும்போடு பழகி வளர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு, அந்தக் கைத்திறன் போய்ச் சேர வேண்டிய இயல்பான இடமாகவும் அது அமைந்திருந்தது. சிப்பாங் வந்தது, பத்து தீகாவின் தடம் மறைந்து, அங்கே வீடுகள் எழுந்தன.

சிப்பாங் உலகத் தரமான தடம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆயினும், எஞ்சின் மாற்றிய காரை வீதியில் ஓட்ட வேண்டுமானால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யின் அனுமதியும் வாகனச் சோதனையும் பெற்று, வண்டியின் பதிவுச் சான்றான கிரானில் பதிவைத் திருத்தியாக வேண்டும். பந்தயத்துக்கென்றே உருமாற்றிய காரையோ லோரியில் ஏற்றி, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் கொண்டு போய், தடக் கட்டணமும் செலுத்த வேண்டும். ஒரு பிரேக் கட்டை சரியாக இருக்கிறதா என்று அரை மணி நேரம் பரிசோதிப்பதற்கு இவ்வளவும் தேவைப்படும்போது, சிலர் நள்ளிரவில் நெடுஞ்சாலையைப் பரிசோதனைக் களமாக்குகிறார்கள். அதனால் நேரும் மரணங்களைக் காலைப் பத்திரிகைகளில் படித்துக்கொண்டே இருக்கிறோம். அந்த இளைஞர்களைக் கண்டித்து எழுதுவது எளிது; நானும் கண்டிக்கிறேன். ஆனால் கோயம்புத்தூரில் கரிவர்தனின் பெயரால் அமைந்த தடம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளமே உடையதாயிருந்தும், தேசியப் போட்டிகளை நடத்திக்கொண்டு, பயிற்சிக்கும் இடம் தருகிறது. பிரேக்கையும் எண்ணெய்த் தொட்டியையும் ஓட்டுநரின் காலையும் சோதிப்பதற்கு அவ்வளவு நீளம் போதும். சிலாங்கூர் மாநில அரசு ஷா ஆலத்துக்கும் கிள்ளானுக்கும் இடையில் அப்படியொரு சிறு தடத்துக்கு நிலம் ஒதுக்கி, வாரத்தில் ஒரு மாலையாவது ஆம்புலன்ஸும் தீயணைப்பு ஏற்பாடும் வைத்து, குறைந்த கட்டணத்தில் திறந்துவிட வேண்டும் என்பது என் கோரிக்கை. பத்து தீகாவைக் கொடுத்த ஊருக்கு அது செலுத்த வேண்டிய நீண்ட நாள் பாக்கி.