களமும் வகுப்பறையும்: எம்.என். சீனிவாஸின் ஆய்வுநெறி

பல்கலைக்கழக ஆசிரியர் நூலறிவோடு அமையாது களஞ்சென்று கற்றல் வேண்டும் என்பது மானிடவியலறிஞர் எம்.என். சீனிவாஸின் கொள்கை. ஆக்ஸ்ஃபோர்டில் விரிவுரையாளராக அமர்த்தப்பெற்ற அவர், 1948ஆம் ஆண்டை மைசூரை அடுத்த சிற்றூரொன்றில் களப்பணியில் கழித்தார். பின்னர்ப் பரோடாவிலும் தில்லியிலும் தம் மாணவரையும் அந்நெறியில் ஆற்றுப்படுத்தினார். அச்சிற்றூருக்கு அவர் இட்ட புனைபெயர் இராம்புரா.

1970இல் ஸ்டான்ஃபோர்டில் நேர்ந்த தீயில், அவர் பகுத்துவைத்த குறிப்புகள் எரிந்தன. நினைவைத் துணைக்கொண்டு எழுதிய நூல் 1976இல் வெளிவந்தது. ஊர்த்தலைவரின் ஆதரவில் தங்கிய தமது பார்வை, உயர்சாதியினர் சார்ந்தது என்பதை அந்நூலில் அவரே ஒப்புக்கொள்கிறார்.

எரிந்த குறிப்புகளை நினைவிலிருந்து ஓரளவு மீட்க இயன்றது. களத்தில் கேட்கப்படாத குரலை அவ்வாறு மீட்க இயலாது. நாட்டார் வழக்காறுகளைத் திரட்டும் தமிழாய்வாளரும், தாம் யாருடைய திண்ணையிலமர்ந்து குறிப்பெடுத்தோம் என்பதை ஆய்வேட்டில் பதிவுசெய்தல் வேண்டும்.