கடிகாரம் சுரக்கச் செய்யுமா?

நியூசிலாந்து மருத்துவர் ஃபிரடெரிக் ட்ரூபி கிங் 1913-இல் வெளியிட்ட ‘குழந்தைக்கு ஊட்டலும் பராமரிப்பும்’ என்னும் நூல், அந்நாட்டிலும் பிரிட்டனிலும் ஒரு தலைமுறைத் தாய்மார்களுக்கு வழிகாட்டியாக இருந்தது. அதன் முக்கிய விதி இன்றும் பல வீடுகளில் ஒலிக்கிறது. ஆகவே அந்நூலை அறிவியல் கண்கொண்டு மதிப்பிடுவது பயனுடையது.

முதலில் சிறப்பைச் சொல்லிவிட வேண்டும். தாய்ப்பாலுக்கு நிகரில்லை என்று ட்ரூபி கிங் உறுதியாக வாதாடினார். தூய்மை, நல்ல காற்று, தாய்மார்களின் வீடு தேடிச் செல்லும் செவிலியர் ஆகியவற்றை வற்புறுத்தினார். இதற்காக 1907-இல் டுனெடின் நகரில் ஒரு சங்கமும் தோன்றச் செய்தார்.

ஆனால், எந்தப் பாலை அவர் போற்றினாரோ அது வற்றுவதற்கான வழியையும் அவரே வகுத்துவிட்டார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பால் கொடுக்க வேண்டும், இரவில் கொடுக்கலாகாது, இடையில் அழுதாலும் நேரம் வரும்வரை பொறுக்க வேண்டும். இதுவே அவர் முறை. இதன்படி நாளொன்றுக்கு ஐந்து முறைதான் பால் கிடைக்கும்.

இந்த எண்ணம் எப்படி வந்தது? ட்ரூபி கிங் சீக்ளிஃப் மனநல மருத்துவமனையின் தலைவராக இருந்தவர். அதன் பண்ணையில் கன்றுகளுக்குப் பாலை அளந்து புகட்டி வளர்த்தவர். மிகுதியாக ஊட்டினால் வயிற்றுப்போக்கு வரும் என்ற அச்சமும் அக்கால மருத்துவர்களிடையே இருந்தது. அளந்து ஊட்டுவது புட்டிப்பாலுக்குப் பொருந்தலாம். குழந்தை குடித்தாலும் குடிக்காவிட்டாலும் புட்டியில் பால் தானாகக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. தாயின் மார்பு அப்படிப்பட்டதன்று.

குழந்தை சப்பும்போது தாயின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரோலாக்டின், ஆக்சிடோசின் என்னும் இரு ஹார்மோன்கள் வெளிப்படுகின்றன. முன்னது பாலை உண்டாக்கத் தூண்டுகிறது. இரவில் அதன் அளவு மிகுதி. பின்னது பாலை வெளியே தள்ளுகிறது. தாயின் கவலையும் வலியும் இதைத் தடுக்கக்கூடும். இவற்றோடு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மார்பில் பால் தேங்கினால் அந்த மார்பில் சுரப்பு குறைகிறது. இரு மார்பிலும் ஒரே இரத்தமே ஓடினும், குழந்தை குடிக்காத பக்கம் மட்டும் வற்றுவது இதனால்தான். சுருங்கச் சொன்னால், எடுக்க எடுக்கத்தான் ஊறும்.

இப்போது கடிகார விதியின் விளைவைப் பாருங்கள். நேரம் வரும்வரை காத்திருந்தால் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இறுகும். இறுகிய மார்பைக் குழந்தை சரியாகக் கவ்வ முடியாமல் காம்பை மட்டும் கடிக்கும், காம்பு வெடிக்கும். தாய் வலிக்கு அஞ்சி இடைவெளியை நீட்டுவாள். சுரப்பு குறையும். “பால் போதவில்லை” என்று புட்டி வந்து சேரும். குறை தாயின் உடலில் இல்லை. பின்பற்றிய முறையில் இருக்கிறது.

அளந்து பார்த்தவர்களும் இதையே கூறுகின்றனர். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தாய்ப்பால் மட்டுமே குடித்த 71 குழந்தைகளை ஆராய்ந்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒன்று முதல் ஆறு மாத வயதுள்ள அக்குழந்தைகள் ஒரு நாளில் சராசரியாக 11 முறை குடித்தன. ஆனால் ஒரு குழந்தை 6 முறையும் மற்றொன்று 18 முறையும் குடித்ததுண்டு. பெரும்பாலானவை இரவிலும் குடித்தன. எல்லாக் குழந்தைக்கும் ஒரே அட்டவணை எப்படிப் பொருந்தும்? உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெஃபும் 1989-இல் வெளியிட்ட பத்து வழிமுறைகளில், குழந்தை கேட்கும்போதெல்லாம் பால் கொடுக்க ஊக்குவிப்பதும் ஒன்று.

கேட்கும்போது கொடுப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பிறந்த முதல் நாட்களில் நெடுநேரம் உறங்கும் குழந்தையை எழுப்பித்தான் ஊட்ட வேண்டும். காம்போடு அதைச் சூழ்ந்த கருவட்டத்தின் பெரும்பகுதியும் குழந்தையின் வாய்க்குள் செல்ல வேண்டும். பால் கட்டினால் சிறிது பீய்ச்சிவிட்டுக் கொடுக்கலாம். காய்ச்சலோடு மார்பு சிவந்து வலித்தாலும், குழந்தையின் எடை ஏறாவிட்டாலும், முதல் வாரத்துக்குப்பின் நாளுக்கு ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ட்ரூபி கிங்கின் நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் புட்டியின் கணக்கை மார்புக்குப் போட்டது அவர் நூலின் பெரும் பிழை. தாய்ப்பாலை அவர் போற்றியதை ஏற்போம். அவர் கடிகாரத்தை விட்டுவிடுவோம்.