மறுமொழிக்கு இடம் வைத்த எழுத்து

மனிதரைப் பற்றி எழுதப்படுவன எல்லாம் மனிதருக்காக எழுதப்படுவதில்லை. கல்வித் துறைகளுள் மானிடவியல் இம்முரணைப் பிற துறைகளை விடக் கூடுதலாகச் சுமந்து நிற்கிறது. விண்மீனை ஆராய்பவரிடம் விண்மீன் விளக்கம் கேட்பதில்லை. ஆனால், ஓர் இனக்குழுவின் திருமண முறையையும் இறப்புச் சடங்கையும் எழுதியவரிடம், "எங்களைப் பற்றி யாரிடம் என்ன சொன்னீர்கள்?" என்று அம்மக்களின் பேரப்பிள்ளைகள் ஒருநாள் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கு முகம் கொடுக்க முயன்ற எழுத்து ஒன்று அமெரிக்க மானிடவியலில் இருந்தது. ஆய்விதழ்களின் கட்டுக்கோப்புக்கு வெளியே, பொது ஏட்டுக்கு எழுதிய மடலாகவும், மலிவு விலைக் குறுநூலாகவும், மாத இதழின் கேள்வி பதிலாகவும் அது வெளிவந்தது. அதன் வளர்ச்சி, தளர்ச்சி, அது விட்டுச் சென்ற செல்வம் ஆகியவற்றைத் திறனாய்வு நோக்கில் இங்குக் காண முற்படுகிறோம்.

மடல்

1919-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள் 'தி நேஷன்' இதழில் ஃபிரான்ஸ் போவாஸ் எழுதிய மடல் ஒன்று வெளியாயிற்று. ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மானிடவியலுக்கு வலுவான அடித்தளம் இட்டவர் அவர். முதல் உலகப் போரின்போது மானிடவியலாளர் நால்வரேனும் ஆய்வாளர் என்னும் போர்வையில் உளவு பார்த்தனர் என்பது அம்மடலின் குற்றச்சாட்டு. உண்மையைத் தேடுவதாகச் சொல்லி நம்பிக்கையைப் பெற்றவர், அந்த நம்பிக்கையை அரசுக்கு விற்கலாமா என்பதே அவர் எழுப்பிய வினா. பத்தே நாள்களில் அமெரிக்க மானிடவியல் கழகத்தின் ஆட்சிக்குழு, 20-க்கு 10 என்ற வாக்கு வேறுபாட்டில், அவரைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது.

இம்மடலை ஓர் இலக்கிய வடிவமாக நோக்குவோம். ஆய்வுக் கட்டுரைக்குச் சான்றுகள் துணை நிற்கும். மடலுக்கோ எழுதியவரின் பெயரும் மனச்சான்றுமே துணை. போவாஸ் எவர் பெயரையும் வெளியிடவில்லை. பெயர் சொல்லாத குற்றச்சாட்டுக்குக் குற்றம் சாட்டப்பட்டவர் எங்ஙனம் மறுமொழி கூறுவார் என்று கேட்பது நேர்மையான கேள்வியே. எனினும், அவர் நான்கு மனிதரைத் தண்டிக்க எழுதவில்லை என்பதும், ஒரு துறை தன் வாயிலைத் தானே காக்க வேண்டும் என்று எழுதினார் என்பதும் மடலைக் கருத்தூன்றிப் படிப்போர்க்கு விளங்கும். 1971-இல் அதே கழகம் வகுத்த தொழில்நெறிக் கோட்பாடுகள் மறைமுக ஆய்வை விலக்கின. 52 ஆண்டுகளுக்கு முன் மடல் கேட்டது சட்டமாயிற்று. ஆனால், மடல் எழுதியவர் மீதான கண்டனத்தைக் கழகம் திரும்பப் பெற்றது 2005-ஆம் ஆண்டில்தான். அப்போது போவாஸ் மறைந்து 63 ஆண்டுகள் கழிந்திருந்தன.

குறுநூல்

போவாஸின் மாணவியரான ரூத் பெனடிக்ட், ஜீன் வெல்ட்ஃபிஷ் ஆகிய இருவரும் 1943-இல் 'மானிட இனங்கள்' என்ற குறுநூலை எழுதினர். அதன் விலை பத்து சென்ட். இன மேன்மையைப் பறைசாற்றிய ஆட்சி ஒன்றுடன் அமெரிக்கா போரிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதே வேளையில் அமெரிக்கப் படையிலேயே வெள்ளையரும் கறுப்பரும் பிரித்து வைக்கப்பட்டிருந்தனர். அறிவாற்றல் தோல் நிறத்தோடு பிறப்பதில்லை, பள்ளியும் வாழ்வுநிலையும் அதனை வளர்க்கின்றன என்பதை ஆசிரியர் இருவரும் எளிய மொழியில், படங்களுடன் விளக்கினர். முதல் உலகப் போர்க்காலப் படைத் தேர்வுகளின் மதிப்பெண்களையே அவர்கள் சான்றாகக் காட்டினர். வட மாநிலங்கள் சிலவற்றின் கறுப்பர், தென் மாநிலங்கள் சிலவற்றின் வெள்ளையரை விட உயர்ந்த மதிப்பெண் பெற்றிருந்தனர்.

அந்த ஒரு பட்டியல் போதுமானதாயிற்று. அமெரிக்கப் பேராயத்தில் எதிர்ப்பு எழுந்தது. 1944-இல் படைவீரர்களுக்கு இந்நூலை வழங்குவது நிறுத்தப்பட்டது. தடை செய்யப்பட்டதாலேயே நூலின் புகழ் பரவி, இலட்சக்கணக்கான படிகள் மக்கள் கைகளை அடைந்தன. அதனைத் தழுவிச் சிறிய கேலிச்சித்திரப் படம் ஒன்றும் எடுக்கப்பட்டது. ஆயினும் எழுதியவர் விலை கொடுக்காமல் இருக்கவில்லை. பெனடிக்ட் 1948-இல் மறைந்துவிட்டார். பொதுவுடைமை அச்சம் நாட்டைப் பிடித்தாட்டிய நாள்களில் விசாரணைக் குழுக்களின் முன் நிறுத்தப்பட்ட வெல்ட்ஃபிஷ், 1953-இல் கொலம்பியாவில் தம் பணியை இழந்தார்.

இன்று இந்நூலைப் படிப்போர்க்கு ஒரு குறை தென்படும். இனவெறியை எதிர்த்த நூலே மானிடரை மூன்று பெரும் இனங்களாகப் பிரிக்கும் பழைய வகைப்பாட்டை வைத்துக்கொண்டது. நோயை விலக்க முயன்றவர் நோயின் சொற்களையே பயன்படுத்தினர் எனலாம். ஆனாலும், துறைக்குள் அறிந்திருந்த ஓர் உண்மையைப் பத்து சென்ட் விலைக்குத் துறைக்கு வெளியே கொண்டுவந்த துணிவை அக்குறை அழித்துவிடாது.

கேள்வியும் பதிலும்

இவ்வரிசையில் மிகப் பரவலாக அறியப்பட்டவர் மார்கரெட் மீட். 1928-இல் சமோவாத் தீவுப் பெண்களின் வளரிளம் பருவம் குறித்து அவர் எழுதிய நூல், துறை கடந்து வாசகரை ஈர்த்தது. 1960-களின் தொடக்கத்திலிருந்து 1978-இல் தாம் மறையும் வரை, 'ரெட்புக்' என்னும் மகளிர் மாத இதழில் அவர் தொடர்ந்து எழுதினார். குடும்பம், கல்வி, குழந்தை வளர்ப்பு, போர், முதுமை ஆகியன குறித்து வாசகியர் கேட்டனர், மீட் பதிலளித்தார். ரோடா மெத்ரோ அப்பணியில் அவருக்குத் துணை நின்றார்.

துறையினர் இதனைப் புன்முறுவலோடு ஏற்கவில்லை. ஆங்கிலேய மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிச்சர்ட் 1951-லேயே மீடின் நடையைப் பனைமரக் காற்றின் ஓசையோடு ஒப்பிட்டு எள்ளினார். 1983-இல், மீட் மறைந்து ஐந்தாண்டு கழிந்த பின், டெரக் ஃபிரீமன் சமோவா நூலின் முடிவுகள் தவறானவை என்று தனி நூலே எழுதினார். பின்னர் வந்த ஆய்வாளர் ஃபிரீமனின் சான்றுகளையும் ஐயுற்றனர். வழக்கு முழுமையாகத் தீரவில்லை.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. எளிமையாக எழுதுபவர் முடிவுகளையும் எளிதாக்கிவிடும் இடர் உண்மையானது. சமோவாப் பெண்களை அமெரிக்கப் பெற்றோருக்குப் பாடமாக்கியபோது, அப்பெண்களின் சொந்த வாழ்வின் சிக்கல்கள் மங்கின. மீடின் வாசகிக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருந்தது. சமோவாப் பெண்ணுக்கு அப்பக்கத்தில் இடம் இல்லை. பொதுமக்களுக்கான எழுத்து என்னும்போது அந்த மக்கள் யாவர் என்று கேட்காமல் அதன் மதிப்பை அளந்துவிட முடியாது.

எழுதப்பட்டவர் பேசியபோது

1969-இல் அந்த இடத்தை ஒருவர் தாமே எடுத்துக்கொண்டார். ஸ்டாண்டிங் ராக் பகுதியின் சூ பழங்குடியைச் சார்ந்தவரும் இறையியல் பயின்றவருமான வைன் டெலோரியா இளையவர், 'கஸ்டர் உங்கள் பாவங்களுக்காக மாண்டார்' என்ற தம் நூலில், கோடைதோறும் தம் மக்களிடம் வந்திறங்கும் மானிடவியலாளரைக் கடும் அங்கதத்தோடு சாடினார். ஆய்வுக்குச் செலவிடும் தொகைக்கு ஈடான தொகையை அந்தப் பழங்குடிக்கும் அவர்கள் திரட்டித் தரட்டும் என்றார். நகைச்சுவை போன்று தோன்றினும் அது கணக்குக் கேட்கும் குரல்.

அவருடைய அத்தை எல்லா டெலோரியா அதே கணக்கை அமைதியாக எழுதி வைத்திருந்தார். டகோட்டா மொழியின் இலக்கணத்தைப் போவாஸுடன் இணைந்து 1941-இல் வெளியிட்டவர் அவர். முனைவர் பட்டமோ நிலையான பல்கலைக்கழகப் பணியோ அவருக்கு இல்லை. தம் மக்களிடம் தகவல் திரட்டச் செல்லும்போது உறவுமுறைப்படி உணவுப் பொருள் கொண்டு செல்ல வேண்டும், இல்லையேல் அந்நியரைப் போல் ஆகிவிடுவோம் என்று அவர் போவாஸுக்கு மடலில் விளக்கினார். ஆய்வு முறை குறித்த நூல்கள் பல எழுதப்பட்டுள்ளன. உறவினர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாகாது என்ற இந்த ஒரு செய்திக்கு இணையாக, அறிவைப் பெறுவதன் ஒழுக்கத்தை உரைத்த பக்கங்கள் சிலவே. டகோட்டாப் பெண்களின் வாழ்வைப் பற்றி அவர் எழுதிய 'வாட்டர்லிலி' என்ற புதினம், அவர் மறைந்து 17 ஆண்டுகள் கழித்து, 1988-இல்தான் அச்சேறியது.

தளர்ச்சி

இவ்வகை எழுத்து ஏன் தளர்ந்தது? முதற் காரணம் பல்கலைக்கழகத்தின் கணக்கு முறை. பணி நியமனத்திலும் உயர்விலும் எண்ணப்படுவன, துறை வல்லுநர் மதிப்பிட்ட கட்டுரைகளே. பத்தாயிரம் பேர் படித்த பொதுக் கட்டுரைக்கு அங்கு மதிப்பில்லை. தற்காலிகப் பணியில் இருக்கும் இளைய ஆய்வாளர், எண்ணப்படாத எழுத்துக்கு இரவுகளைச் செலவிட எத்தனை ஆண்டு இயலும்?

இரண்டாம் காரணம் விலை. அமெரிக்க மானிடவியல் கழகத்தின் இதழ்கள் 2008 முதல் பெரும் வணிகப் பதிப்பகம் ஒன்றன் வழியே வெளிவரலாயின. எவரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர் சந்தா கட்டாமல் அதனைப் படிக்க இயலாத நிலை உறுதிப்பட்டது.

மூன்றாவது, மொழி. 1986-இல் வெளிவந்த 'பண்பாட்டை எழுதுதல்' என்ற தொகுப்பு, யார் யாருக்காகப் பேசுகிறார் என்ற அருமையான வினாவை எழுப்பியது. வினாவைத் தொடுத்த நடையோ துறையினருக்கே கடினமாயிற்று. அதில் பெண்களின் எழுத்து போதிய இடம் பெறவில்லை என்று கண்ட ரூத் பெஹாரும் டெபோரா கார்டனும் 1995-இல் 'பெண்கள் பண்பாட்டை எழுதுதல்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தனர். எல்லா டெலோரியா போன்றோர் அதில் மீண்டும் பேசப்பட்டனர்.

எஞ்சிய செல்வம்

எனினும் விளக்கு முற்றும் அணைந்துவிடவில்லை. 1959-இல் சோல் டாக்ஸ் தொடங்கிய 'கரண்ட் ஆந்த்ரபாலஜி' இதழ், ஒரு கட்டுரையை அச்சிடும் முன் அறிஞர் பலருக்கும் அனுப்பி, அவர்தம் கருத்துகளையும் ஆசிரியரின் மறுமொழியையும் கட்டுரையோடு சேர்த்தே வெளியிடும் வழக்கத்தை உண்டாக்கியது. அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. 1974-இல் செய்திமடலாகத் தொடங்கி 1985-இல் பெயர் மாறிய 'ஆந்த்ரபாலஜி டுடே', நடப்புச் சிக்கல்களைக் குறுகிய கட்டுரைகளில் பேசி வருகிறது. 2014-இல் 'கல்ச்சுரல் ஆந்த்ரபாலஜி' இதழ் தன் பக்கங்களை யாவருக்கும் கட்டணமின்றித் திறந்துவிட்டது.

இவ்வரலாற்றில் திருச்சபைக்கும் பங்குண்டு. இறைவார்த்தைச் சபைக் குருவான வில்ஹெல்ம் ஷ்மிட் 1906-இல் தொடங்கிய 'ஆந்த்ரபோஸ்' இதழ், தொலைநாடுகளில் மக்களோடு வாழ்ந்த மறைபரப்புநரின் எழுத்துகளுக்கு இடம் தந்தது. ஆண்டுக் கணக்கில் ஒரு மக்களின் மொழி பேசி வாழ்ந்தவரின் குறிப்புக்குத் தனிச் சிறப்பு உண்டு. ஆயினும் அவற்றுக்கும் இதே அளவுகோல்தான் பொருந்தும்: எழுதப்பட்டவர் அதனைப் படிக்க இயன்றதா? படித்தபின் மறுமொழி கூற இடம் இருந்ததா?

திறந்துவிடப்பட்ட பக்கத்தால் மட்டும் இவ்வினாவுக்கு விடை கிடைத்துவிடாது என்றே கருதுகிறோம். பூட்டில்லாத வீட்டிலும் விருந்தினரை வரவேற்க ஆள் வேண்டும். போவாஸின் மடலும், பத்து சென்ட் குறுநூலும், டாக்ஸின் மறுமொழிப் பக்கமும் ஒன்றுபடும் இடம் இதுவே. தாம் எழுதியதற்குத் தாமே விடை கூறக் கடமைப்பட்டவர் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். அவ்வுணர்வுக்காகச் சிலர் கண்டனம் பெற்றனர். ஒருவர் பணியை இழந்தார். எல்லா டெலோரியா, எழுதிய புதினம் நூலாவதைக் காணாமலே மறைந்தார்.

அறிஞர் தம் அறைக்குள் மௌனமாகும்போது, வெளியில் மௌனம் நிலவுவதில்லை. ஓர் இனம் தாழ்ந்தது, ஒரு மக்கள் சோம்பேறிகள், ஒரு மதத்தார் ஆபத்தானவர் என்ற பேச்சு அந்த இடத்தை நிரப்பிவிடும். அத்தகைய பேச்சைக் கேட்கும் நாம், மாற்றுச் சான்றைத் தேடிப் படிக்கும் வாசகராய் இருத்தல் வேண்டும். எவரைப் பற்றிய பேச்சோ, அவர் வாய்திறக்கும் வரை தீர்ப்பை நிறுத்தி வைக்கும் பொறுமையும் நமக்கு வேண்டும்.