பட அட்டைகள்: கேட்பதற்கு மட்டும்தானா?

பேச்சு வராத குழந்தையின் கையில் பிஸ்கட் படம் போட்ட ஓர் அட்டை. எதிரில் இருப்பவரிடம் அதைக் கொடுத்தால் பிஸ்கட் கிடைக்கும். இந்த எளிய ஏற்பாட்டிலிருந்து வளர்ந்ததுதான் 'பெக்ஸ்' எனப்படும் படப் பரிமாற்ற முறை. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் உளவியலாளர் ஆண்டி பாண்டியும் பேச்சுப் பயிற்சியாளர் லோரி ஃப்ராஸ்டும் 1985-இல் இதை உருவாக்கினார்கள். இந்த அட்டைகளை வெல்க்ரோவால் ஒட்டிவைக்கும் கோப்பை இன்று நம் ஊர் தெரபி மையங்களிலும் பார்க்கலாம்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 30 சதவீதத்தினர் பள்ளி வயதிலும் மிகச் சில சொற்களோடே இருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அவர்களுக்கு இந்த அட்டை எதைத் தருகிறது, எதைத் தராமல் விடுகிறது?

தருவதில் முதன்மையானது, பேச்சைத் தொடங்கும் உரிமை. 'இது என்ன?', 'சொல்லு பார்ப்போம்' என்று பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தால், கேள்வி வரும்வரை காத்திருக்கவே குழந்தை பழகிவிடும். பெக்ஸின் முதல் கட்டத்தில் எதிரில் இருப்பவர் பிடித்த பொருளைக் காட்டுவாரே தவிர வாய் திறக்கமாட்டார். பின்னால் இருக்கும் இன்னொருவர், குழந்தை கை நீட்டும்போது அட்டையை எடுத்துக் கொடுக்க உதவுவார். அந்த உதவியும் சீக்கிரமே விலக்கப்படும். இரண்டாம் கட்டத்தில் அட்டையும் ஆளும் தள்ளிப் போவார்கள். குழந்தை தேடி வந்து கொடுக்க வேண்டும். 'என்ன வேணும்?' என்ற கேள்வியே ஐந்தாம் கட்டத்தில்தான் வருகிறது. கண்ணைப் பார்த்தால்தான் ஆயிற்று, சொன்னதைத் திருப்பிச் சொன்னால்தான் ஆயிற்று என்ற நிபந்தனைகள் இல்லை. கத்தியும் கையைக் கடித்தும் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு இது பெரிய விடுதலை.

இன்னொரு நிறையும் உண்டு: சொன்னது குழந்தைதான் என்பதில் ஐயமில்லை. குழந்தையின் கையைப் பெரியவர் தாங்கிப் பிடித்து எழுத்துகளைத் தொடவைக்கும் ஒரு முறை 1990-களில் அமெரிக்காவில் வேகமாகப் பரவியது. குழந்தைக்கு ஒரு படம், கை பிடிப்பவருக்கு வேறொரு படம் என்று காட்டிச் சோதித்தபோது, கை பிடித்தவர் பார்த்த படத்தின் பெயரே எழுத்தில் வந்தது. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கப் பேச்சு, கேட்பியல் சங்கம் 2018-இல் மீண்டும் அறிவித்தது. பெக்ஸில் தொடக்கத்தில் பிடித்த கை விலகியாக வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு அங்கேதான்.

படத்தைக் கொடுத்துப் பழக்கினால் வருகிற பேச்சும் நின்றுவிடுமோ என்று தயங்காத பெற்றோர் குறைவு. படங்கள், சைகைகள், கருவிகள் போன்ற மாற்றுவழிகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிய ஓர் அலசல் 2006-இல் வெளிவந்தது. அதில் நம்பத்தக்க முறையில் நடந்த ஆய்வுகளில் இருந்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. 89 சதவீதத்தினருக்குக் கூடியிருந்தது. அந்த முன்னேற்றம் பலருக்குச் சிறிதுதான். அட்டை பேச்சைக் கெடுக்காது என்பது உறுதி. பேச்சைக் கொண்டுவந்துவிடும் என்று வாக்களிப்பது தவறு.

குறைகளுக்கு வருவோம். பெக்ஸ் பற்றி பிரிட்டனில் 84 குழந்தைகளோடு நடந்த ஆய்வு 2007-இல் வெளியானது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் வகுப்புகளில் குழந்தைகள் தாமாகத் தொடங்குவது கூடியது. பேச்சு கூடவில்லை. வழிகாட்ட நிபுணர்கள் வகுப்புக்கு வருவது நின்றதும், கிடைத்த பலனும் நிலைக்கவில்லை. வாரத்தில் சில மணி நேரம் மையத்தில் நடப்பதோடு முடிந்துபோகும் நம் ஊர்ப் பயிற்சிக்கு இது நேரடியான எச்சரிக்கை.

அதைவிட ஆழமான குறை, கேட்பதிலேயே தேங்கிவிடுவது. 'பார்க்கிறேன்', 'கேட்கிறது' என்று கண்டதைப் பகிர்ந்துகொள்ளும் பயிற்சி ஆறாவது கட்டத்தில், கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்பே நின்றுவிடும் குழந்தையிடம் பிஸ்கட், ஜூஸ், ஊஞ்சல் அட்டைகள் இருக்கும்; 'வேண்டாம்', 'வலிக்குது', 'பயமா இருக்கு' இருக்காது. எந்த அட்டை கோப்பில் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது பெரியவர்கள் என்பதால், அவர்களுக்குத் தோன்றாததைக் குழந்தையால் சொல்லவே முடியாது. காது வலியில் தலையை முட்டிக்கொள்ளும் பிள்ளையை 'அடம்' என்று எழுதிவிடுவதும் இதனால்தான்.

தமிழ்க் குடும்பத்துக்குத் தனிச் சிக்கலும் உண்டு. அட்டைகளை அடுக்கி வாக்கியமாக்கும் பட்டை, ஆங்கில வரிசையில் செய்யப்பட்டிருந்தால், 'வேண்டும்' என்பதை முதலில் வைக்கிறது. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'தண்ணி வேணும்' என்றுதான் பேசுகிறார்கள். அட்டைகளும் வீட்டுப் பேச்சின் வரிசையில், வீட்டுச் சொற்களோடு இருக்க வேண்டும்.

இந்தக் குறைகளைத் தாண்ட வழியுண்டு. அமெரிக்காவில் 5 முதல் 8 வயதுக்குட்பட்ட 61 குழந்தைகளோடு நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், விளையாட்டோடு இணைந்த பயிற்சியில் குரல் தரும் கருவியையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொண்டவர்கள், கருவி இல்லாமல் பயின்றவர்களைவிடக் கூடுதலாகத் தாமே பேசத் தொடங்கினார்கள். அங்கே பெரியவர்களும் கருவியைத் தொட்டபடியே பேசினார்கள். சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர், வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து உருவாக்கிய 'ஆவாஸ்' இப்படிப்பட்ட கருவிதான். பிறகு டேப்லெட் செயலியாகி, தமிழிலும் கிடைக்கிறது. டேப்லெட் வாங்க முடியாத வீட்டில், அச்சிட்டு லேமினேட் செய்த சொற்பலகையை வைத்தும் இப்படித் தொட்டுப் பேசலாம்.

ஆகவே பெக்ஸ் நல்ல தொடக்கம். அதையே முழுப் பாடமாக்குவது குழந்தைக்குச் செய்யும் அநீதி. பெற்றோர் இந்த வாரமே கோப்பைத் திறந்து பார்க்கட்டும். 'வேண்டாம்', 'வலிக்குது', 'போதும்', 'வா, பாரு' ஆகிய அட்டைகள் இல்லையென்றால் தெரபிஸ்ட்டிடம் கேட்டு வாங்கிச் சேர்த்துவிடுங்கள். குழந்தையோடு பேசும்போது நீங்களும் அந்த அட்டைகளைத் தொட்டுப் பேசுங்கள். குறும்பு செய்தது என்பதற்காகக் கோப்பைப் பிடுங்கி அலமாரியில் வைக்காதீர்கள். 'வேண்டாம்' அட்டையைக் குழந்தை நீட்டினால், ஊட்டுவதையோ விளையாட்டையோ அந்த நொடியே நிறுத்துங்கள்.