மயானத்தை மறந்த அரிச்சந்திரன்

சென்ற தவணையில் ஒருநாள், வீட்டுவேலை செய்துவரவில்லை என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்ட மாணவன் ஒருவனைப் பார்த்து, பின்வாங்கில் இருந்தவன் “பெரிய அரிச்சந்திரன்!” என்றான். வகுப்பே சிரித்தது. அரிச்சந்திரன் யார் என்று கேட்டேன். பொய் சொல்லாத அரசன் என்று பல குரல்கள் எழுந்தன. அவ்வரசன் எங்கே போய் நின்றான், என்ன தொழில் செய்தான் என்று கேட்டேன். பத்தாந் தரத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பெயர் வாழ்கிறது; நாடகம் மறைந்துவிட்டது. அதுமட்டுமா? உண்மையைப் போற்ற எழுந்த பெயர், உண்மை சொல்பவனை எள்ளுவதற்கு உரிய பெயராகவும் மாறிவிட்டது. இம்மாற்றம் மொழியில் மட்டும் நிகழ்ந்த மாற்றமன்று.

நம்மவர் பேச்சில் நாடக மாந்தர் நிறைந்திருக்கின்றனர். குடும்பத்தைக் கலைப்பவன் சகுனி. காதிலே ஓதுபவள் கூனி. இருபுறமும் மூட்டிவிடுபவர் நாரதர். இவர்களை நம் முன்னோரிற் பெரும்பாலோர் ஏட்டிற் கண்டவர் அல்லர். கோயில் வீதியிலும் வயல்வெளியிலும் விடியவிடிய ஆடிய கூத்துகளிலும் இசை நாடகங்களிலும் கண்டு, கேட்டு, அழுது, தம் பேச்சுக்குள் சேர்த்துக்கொண்டவர்கள். எழுத்தறியாத மக்களுக்கு நாடகமேடையே நூலகமாக இருந்தது.

பின்னர் வந்த திரைப்படமும் அம்மேடையை விட்டுவிடவில்லை. 1913இல் பால்கே எடுத்த முதற்படமே அரிச்சந்திரன் கதைதான். சிவாஜி கணேசன் ‘ராஜா ராணி’யில் (1956) சோக்கிரதீசாகவும், ‘இரத்தத் திலகம்’ படத்தில் (1963) ஒத்தெல்லோவாகவும், ‘சொர்க்கம்’ படத்தில் (1970) யூலியஸ் சீசராகவும் தோன்றுகிறார். ‘நவராத்திரி’யில் (1964) சத்தியவான் சாவித்திரி தெருக்கூத்தே படத்தின் நடுவில் நிகழ்கிறது. இவை மக்களுக்கு உலக நாடகங்களின் வாசலைத் திறந்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. எனினும் வாசலைத் தாண்டி உள்ளே சென்றவர் எத்தனை பேர்? படம் முடிந்து வெளியே வரும் இரசிகன் ஒத்தெல்லோவின் துயரை நினைப்பதில்லை. நடிகரின் குரல்வன்மையையே நினைக்கிறான். நாடகம் அங்கே நடிகனுக்கு அணிகலனாகிறது.

இதற்கு மாறான ஒரு மரபு நம் குடாநாட்டில் இருந்தது. காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து 1989இல் மறையும்வரை, ஊரூராக அவரை அழைத்த மக்கள் பெரிதும் விரும்பிக் கேட்டது ‘அரிச்சந்திர மயான காண்டம்’. முழுக்கதையில் அரசவை உண்டு, வேட்டை உண்டு, இறுதியில் தேவர் தோன்றி முடியை மீட்டுக் கொடுப்பதும் உண்டு. மக்கள் அவற்றைவிட மயானத்தையே தேர்ந்தெடுத்தனர். பண்டிதர் எவரும் கற்பிக்காத இலக்கியத் திறனாய்வு இஃது.

மயானத்தில் நடப்பது என்ன? பாம்பு தீண்டி இறந்த மகன் லோகிதாசனைச் சுமந்து சந்திரமதி வருகிறாள். காலகண்ட ஐயரின் வீட்டில் அடிமை அவள். வீட்டுவேலை முடியும்வரை பிள்ளையின் பிணத்தைப் பார்க்கவும் விடை கிடைக்கவில்லை. சுடலை காப்பவனோ கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். கேட்பவன் அவள் கணவன். பிணம் அவன் மகன். ஆயினும் கேட்டே ஆகவேண்டும், ஏனெனில் கூலி எசமானுக்கு உரியது. சாவிற்கும் விலை வைத்த உலகில் ஏழையின் துயரம் எவ்வாறு இரட்டிக்கிறது என்பதை இதனினும் தெளிவாகச் சொன்ன காட்சி தமிழ் மேடையில் அரிது.

ஆனால் நாடகத்துக்கும் ஒரு குறையுண்டு. அரசன் சுடலை காத்தான் என்றதும் நாம் அழுகிறோம். பரம்பரையாகச் சுடலை காத்தவனுக்காக யார் அழுதார்? மார்க்கண்டேய புராணமோ அரசனை விலைக்கு வாங்கிய புலையனை அறக்கடவுளே எடுத்த வேடம் என்று முடிக்கிறது. வேடம் கலைந்ததும் அரசன் விண்ணுலகுக்குப் போகிறான். உண்மைப் புலையன் கதையில் இல்லாமலே போகிறான். இந்நாடகங்களை நம் கோயில் வீதிகளில் ஆடியவர்களுட் பலர், 1960களின் ஆலயப் பிரவேசப் போராட்டங்கள்வரை, அக்கோயில்கள் பலவற்றின் உள்ளே சென்று கும்பிட அனுமதிக்கப்படாதவர்கள். வீதியில் அவர்கள் பாட்டுக்குக் கண்ணீர் விட்டவர்களே வாசலில் அவர்களை மறித்தார்கள். கலையால் உருகிய நெஞ்சம் வாழ்விலும் உருகும் என்று நம்புவது எவ்வளவு பேதைமை!

அப்படியானால் இந்நாடகத்தைக் கைவிடுவதா? வேண்டாம் என்பேன். சில மாதங்களுக்கு முன் பண்டத்தரிப்பில் ஒரு செத்தவீட்டுக்குச் சென்றிருந்தேன். இறந்தவரின் மகள் வெளிநாடொன்றில் வீட்டுப் பணிப்பெண். எசமானர் விடுப்புக் கொடுக்கவில்லை. திண்ணையில் இருந்த மூதாட்டி ஒருவர், “என்ன செய்யிறது தம்பி, காலகண்டையர் வீட்டிலை அம்பிட்ட சந்திரமதியெல்லே அவள்” என்றார். அவர் பள்ளிக்கூடம் அதிகம் கண்டவரல்லர். ஆயினும் என் மாணவர்கள் பெயரை மட்டும் அறிந்த நாடகத்தின் நடுநெஞ்சை அவர் அறிந்திருந்தார். பழைய நாடகத்தைக் கொண்டு இன்றைய கொடுமைக்குப் பெயரிட்டார். உயிருள்ள மேற்கோள் அதுவே.

2017இல் புத்தூர் கலைமதி கிராமத்து மக்கள், தம் குடிமனைகளுக்கு நடுவே பிணம் எரிக்கும் மயானத்தை அகற்றக் கோரிப் போராடினார்கள். அச்செய்தியை வாசித்த எத்தனை பேருக்கு மயான காண்டம் நினைவுக்கு வந்திருக்கும்? வந்திருக்க வேண்டும். யாருடைய வாசலில் சுடலை இருக்கிறது என்பதுதானே அந்நாடகம் தன்னையும் அறியாமல் எழுப்பிய கேள்வி!

அரிச்சந்திரன் கதையைச் சிறுவயதில் மேடையிற் கண்ட காந்தியடிகள் அதிலிருந்து உண்மையை எடுத்துக்கொண்டார். நாம் இன்று எடுத்துக்கொள்ள வேண்டியது சுடலையையும்தான். அடுத்த வாரம் வகுப்பில் மயான காண்டத்தை வாசிக்க எண்ணியுள்ளேன். “பெரிய அரிச்சந்திரன்” என்று நகைத்த மாணவனுக்கே சுடலை காப்பவனின் பகுதியைக் கொடுக்கப்போகிறேன்.